வேறொருவர் பிடித்துக் கொடுத்த தையல்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது இது. லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் தையல் கடை. நானும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து பிளவுஸ் தைக்கிறோம். தீபாவளி நெருங்கினால் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. அப்படி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஜிப்பாவுக்கு அளவு கொடுக்க என் மகனை வரச் சொல்லியிருந்தேன்.

அவனுக்கு இருபத்தாறு வயது. கம்ப்யூட்டர் வேலை. அவன் அப்பா தவறி ஆறு வருடமாகிறது, வீட்டில் நானும் அவனும்தான். பிள்ளைக்கு பதின்மூன்று, பதினான்கு வயதிலிருந்தே மார்புப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கொழுப்பு என்றுதான் நினைத்தேன். பரோட்டாவை நிறுத்தினேன், ஓட்ஸ் கஞ்சி கொடுத்தேன், எங்கள் அடுக்குமாடி பிளாக்கைச் சுற்றி ஓட விட்டேன். உடம்பு இளைத்தது, அது இளைக்கவில்லை. இந்த ஊர் வெயிலிலும் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிவான். பள்ளியில் நீச்சல் வகுப்பு என்றால் வயிற்றுவலி, தோல் அரிப்பு என்று ஏதாவது சொல்வான். நானும் டீச்சருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். எத்தனை கடிதம்! ஒரு தடவைகூட உட்கார வைத்து ஏன் என்று கேட்டதில்லை.

என் தொழிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு அளவெடுக்கும்போது நான் எண்ணை வாய்விட்டுச் சொல்லவே மாட்டேன். டேப்பைப் பார்ப்பேன், நோட்டில் குறிப்பேன், அவ்வளவுதான். ஆபரேஷனில் ஒரு பக்கத்தையே எடுத்துவிட்டு வந்த அம்மாவுக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவளுக்குக்கூடத் தெரியாது. உங்களிடம் வந்தால் கூச்சமே இல்லை அக்கா என்பார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்பேர்ப்பட்ட நான் அன்றைக்கு என்ன செய்தேன் தெரியுமா? ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன், அப்படியே அளவெடுங்கள் என்றான். கடையில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். எனக்கு எரிச்சல். நானே அதை இழுத்துக் கழற்றி, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டேன். எண்ணைப் பார்த்ததும் நாக்கில் சனி வந்து உட்கார்ந்துகொண்டது.

"உனக்கு எதுக்குடா ஜிப்பா? கப் வெச்சு ஒரு பிளவுஸ் தெச்சிடறேன்."

கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் ஏமாந்துவிட்டேன். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினான். நான் அடுத்த பிளவுஸை எடுத்தேன். வீட்டுக்குப் போவதற்குள் அந்தப் பேச்சே எனக்கு மறந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, கட்டாய ராணுவ சேவையில் கூட இருந்த சீன நண்பனோடு ஐந்து நாள் மலாக்கா போவதாகச் சொன்னான். போய் வந்தவன் உடம்பெல்லாம் விறைத்த மாதிரி நடந்தான். தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி தூங்கினான். மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுக்கச் சொன்னால், கையைத் தூக்காமல் நாற்காலி போட்டு ஏறினான். ஊர் சுற்றிவிட்டு வந்தவனுக்கு உடம்பு வளையவில்லை என்று திட்டினேன்.

அடுத்த வாரம் கடைக்கு லைனிங் துணிக் கட்டுகள் வந்து இறங்கின. உள்ளே தூக்கி வைக்க ஆள் இல்லை. போன் போட்டு அவனை வரவழைத்தேன். வந்து நின்று கட்டுகளைப் பார்த்தான். கை வலிக்கிறதும்மா என்று தாழ்ந்த குரலில் சொன்னான். நான் எல்லார் காதிலும் விழும்படி, ஆம்பளைப் பிள்ளைதானே நீ என்று கேட்டேன். நாலு கட்டையும் தூக்கி உள்ளே வைத்தான். மறுநாள் காலை ஆபீசில் அவசரம் என்று காப்பிகூடக் குடிக்காமல் போனான்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒரு துணி துவைத்து மாட்டியிருந்தது. கையில்லாத பனியன் மாதிரி, முன்பக்கம் ஜிப், உள்ளே வரிசையாக ஹூக், இறுக்கமான எலாஸ்டிக் துணி. எவளுடையதோ நம் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று எனக்கு ரத்தம் கொதித்தது. கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, யாருடையது என்று கத்தினேன்.

"என்னோடது மா," என்றான்.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? அவன் சொல்லி முடிப்பதற்குள் என் கை அதை உள்பக்கம் திருப்பிவிட்டது. இரண்டு பக்கமும் அரை அரை இஞ்ச் உள்ளே பிடித்துச் சிறிதாக்கித் தைத்திருந்தது. நல்ல தையல்தான். ஆனால் உடுப்போடு வந்த கம்பெனித் தையலும் இல்லை, என் கைத் தையலும் இல்லை.

அவன் அறைக்குள் போய் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆண்களுக்கு மார்பு பெருத்திருந்தால் செய்யும் ஆபரேஷன், அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள். நின்றபடியே படித்தேன்.

இது வெறும் கொழுப்பில்லை, சுரப்பித் திசு, இதைச் சாப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் கரைக்க முடியாது என்று இருந்தது. மழையில்கூட ஓட விட்டேனே என்று நினைத்தேன். மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் கூட வர வேண்டுமாம். யார் வந்தார்கள் என்று கேட்டேன். நண்பன் வந்தானாம். மலாக்காவாவது ஒன்றாவது, பிள்ளை இதே ஊரில், தோ பாயோவில் அந்த நண்பன் வீட்டில் படுத்திருந்திருக்கிறான். மார்பின் இரண்டு பக்கமும் ரத்தநீர் வடியக் குழாய் இருந்ததாம். குழாய் எடுக்கும் வரைக்கும் நண்பனுடைய அம்மாதான் மீன் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம்.

பல வாரம் இரவும் பகலும் இந்த இறுக்கமான உடுப்பைப் போட்டிருக்க வேண்டும். தலைக்கு மேல் கை தூக்கக் கூடாது. தலையை உயர்த்தி வைத்துத் தூங்க வேண்டும். மரத்துப்போன உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகலாம், முதலில் வீக்கத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது, சரியான வடிவம் தெரியவும் சில மாதமாகும் என்றெல்லாம் எழுதியிருந்தது. கடைசிக்கு முந்தின வரி, கனமான எதையும் தூக்கக் கூடாது, உள்ளே ரத்தம் கட்டும்.

"கட்டிச்சா?" என்று கேட்டேன்.

அவன் தலையாட்டினான். துணிக் கட்டைத் தூக்கிய மறுநாள் காலை ஒரு பக்கம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய், ஊசி போட்டு ரத்தத்தை எடுத்துவிட்டு, அங்கிருந்தே வேலைக்குப் போயிருக்கிறான். எதைச் சொல்லி அழுவதென்று தெரியவில்லை. வாயில் வந்தது அந்தத் தையல்தான்.

"இதைப் பிடிக்கணும்னா என்கிட்ட குடுத்திருக்கலாமேடா. நான் தெச்சுத் தர மாட்டேனா?"

"வீக்கம் வத்தினதும் லூசாயிடுச்சு மா. தோ பாயோல ஒரு சீன ஆன்ட்டி கடையில குடுத்தேன். அவங்க ஒண்ணுமே கேக்கல லா. அளவு பாத்தாங்க, தெச்சுக் குடுத்துட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். மன்னித்துவிடுடா என்றேன். பரவாயில்லை, முடிந்துபோனது என்றான். முடிந்தது அவன் ஆபரேஷன் மட்டும்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவில் ஒரு ரெடிமேட் ஜிப்பா வாங்கிப் போட்டுக்கொண்டான். அன்று சிரித்த பெண்களில் ஒருத்தி, தம்பி இளைத்துவிட்டாரே என்றாள். பாவம், அவளைச் சொல்லி என்ன? சிரிக்க வைத்தவள் நான்.

இப்போது நன்றாக இருக்கிறான். ஸ்வெட்டர் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு நீச்சல் குளத்துக்குப் போகிறான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ஜிப்பா வேண்டும் என்று அவனே கேட்டான். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கடைக்கு வரச் சொன்னேன், மற்ற இருவரையும் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு, டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பிளாஸ்டிக் பையை மெஷின் மேல் வைத்தான். உள்ளே அவனுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்று இருந்தது.

"இந்த அளவுக்கே தெச்சிடுங்க மா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். மேலே கை படுவது பிடிக்காதவர்கள் இப்படித்தான் அளவுத் துணி கொடுத்துவிட்டுப் போவார்கள், நாங்களும் ஏன் என்று கேட்க மாட்டோம். சட்டையை மேசையில் விரித்து அளந்தேன். எண்ணை நோட்டில் குறித்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. யார் யாரோ கூச்சமில்லாமல் கை தூக்கி நிற்கிற என் முன்னால் நான் பெற்ற பிள்ளையால் நிற்க முடியவில்லை, அவனை நிற்கச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.