கூட்டிவிட்ட அரைமணி

கொடிகாமத்தில் முதல் ஐஸ் ஆலை போட்டவன் நான். ஷெல் விழுந்து கூரை போனது, திரும்பவும் போட்டேன். அரிசி ஆலை, வான்கள், கல்வீடு எல்லாம் எட்டாம் வகுப்போடு நின்ற இந்தத் தலையால் வந்தவை. போன கிழமை அந்தத் தலை ஒரு கணினியிடம் தோற்றது.

ஆலைக் கமராக்களுக்கென்று வாங்கிய கணினி. படமும் இல்லை, ஒன்றும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடிக்கவேண்டும். நேரவலயத்தை நானே போடுகிறேன் என்று மகளைக் கதிரையால் எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். இலங்கைக்குக் கூட்டல் ஐந்தரை. அதுகூடத் தெரியாதவனா நான்? அடித்தேன். மணி பதினொரு மணித்தியாலம் பின்னுக்கு ஓடிவிட்டது.

"அப்பா, உதுக்குக் கணக்குத் தலைகீழ். கூட்டல் போட்டா அது கழிக்கும். பேசாமல் ஆசியா, கொழும்பு எண்டு அடியுங்கோ, அது தன்ரைபாட்டில பாக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐஸ் கட்டிகளை மூடிய ஈர உமியின் மணம் அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் உடலையும் இந்த ஆலை ஐஸில்தான் வைத்திருந்தோம், தம்பி குகன் வரட்டும் என்று.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலம் அது. அரசாங்கம் மணிக்கூட்டை அரைமணி முன்னுக்குத் தள்ளியிருந்தது; இயக்கத்தின் கையில் இருந்த வன்னியில் பழைய நேரம்தான். எங்களுக்கு மூன்று என்றால் கிளிநொச்சியில் இருந்த குகனுக்கு இரண்டரை. தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் கடைசி அவன். வெளியே வரப் பாஸ் கிடைக்கப் பிந்திவிட்டது, நேரே சுடலைக்கு வாறன் என்று சொல்லியனுப்பியிருந்தான். தகனம் மூன்று மணிக்கு என்று வானொலியில் அறிவித்திருந்தோம்.

நான் சொன்னால் ஊர் நிற்கும். அன்று மழை நிற்கவில்லை. முடிந்தவரை பார்த்துவிட்டு, கொள்ளியை நானே வைத்தேன்.

எரிந்துகொண்டிருக்கும்போது குகன் வந்தான். தன் கைமணிக்கூட்டை எனக்கு நீட்டிக் காட்டினான். அதில் இன்னும் மூன்றரை ஆகவில்லை; எங்களுக்கு நாலாகப் போனது.

"அண்ணை, நான் அரைமணியைக் கூட்டிப்போட்டன். கழிச்சிருக்கவேணும்."

நேரம் கிடக்கிறது என்று நம்பி, முகமாலைச் சோதனைச் சாவடி வரிசையில் கைக்குழந்தைக்காரிக்கு இடம்விட்டு நின்றிருக்கிறான்.

அடுத்த கிழமையே ஆலை வாசலில் இரண்டு மணிக்கூடு மாட்டினேன். ஒன்றின் கீழே 'இங்கே', மற்றதின் கீழே 'அங்கே'. வன்னிக்குப் போகும் பஸ்கள்கூட அதைப் பார்ப்பதற்கென்று மெதுவாகும். பிறகு அரசாங்கமும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இரண்டும் ஒன்றையே காட்டின, ஒன்றைக் கழற்றினேன். சில மாதத்தில் பாதை பூட்டியது. கடைசிச் சண்டைக்குப் பிறகு குகனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

மகளிடம், அம்மாவின் தகன நாளைப் போட்டு அன்றைய கொழும்பு நேரத்தைக் கணினியிடம் கேட்கச் சொன்னேன். கறுப்புத் திரை, கூட்டல் ஆறு என்றது. கொழும்பின் நேரத்தை அது மறக்கவில்லை. குகன் கட்டியிருந்த நேரத்துக்கு ஊர்ப்பெயர் தேடினோம். கிளிநொச்சி என்று ஒன்று அதில் இல்லை.

சந்தைக்காரர் ஊரைப் பற்றிச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அதில் என் ஐஸ் ஆலையை எழுதாமல் விட்டாலும் விடட்டும். இந்த ஊரில் அங்கேயுள்ள நேரத்தையும் சுவரில் மாட்டி வைத்தவன் நான். அதை என் பெயரோடு போடவேண்டும்.