ஓரம் வெட்டாத வருஷம்

என் அண்ணன் ஆர்லினுக்குப் புல் வெட்டுவதுதான் வேலை. எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கப்பிச் சாலைகளுக்கு இரண்டு பக்கமும் பள்ளம் இருக்கும். டிராக்டரில் உட்கார்ந்து, பக்கவாட்டில் நீண்டிருக்கும் கத்தியால் அந்தப் பள்ளத்துப் புல்லை வெட்டிக்கொண்டே போவான். ஜூனில் ஆரம்பித்தால் உறைபனி விழும்வரை அதுதான். குளிர்காலத்தில் அதே சாலைகளில் பனி தள்ளுவான். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் அவனும் நானும் இருந்தோம். நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் அவன் தொப்பியைக் கழற்றி உதறினால் சமையலறைத் தரையெல்லாம் புல் தூசு விழும். நான் பெருக்குவேன்.

ஒரு வறட்சி வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த புல்தரை செத்துப்போனது. தெருவில் எல்லோர் வீட்டிலும்தான் செத்தது. மற்றவர்கள் செப்டம்பரில் புது விதை தூவித் தண்ணீர் விட்டார்கள். ஆர்லின் அதைச் செய்யவில்லை. பழைய ரயில் பாதையை ஒட்டி, யாரும் உழாத ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு காபி டப்பா நிறைய விதை கொண்டுவந்தான்.

"நெப்ராஸ்கா முழுக்க முதல்ல இருந்த புல்லு இதுதான், டோரீன். தண்ணி கேக்காது."

"பாக்க நல்லா இருக்குமா?"

"அக்டோபர்ல பாரு."

"எந்த அக்டோபர்ல?"

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். கேட்டதில் தப்பில்லை. அந்தப் புல் முதலில் வேர்தான் விடும். ஆரம்ப வருஷங்களில் எங்கள் வீட்டு முகப்பு, பாதி மயிர் கொட்டின தலை மாதிரி இருந்தது.

பிறகு வந்தது. நீலத்தண்டு என்று அதற்குப் பெயர். கோடையில் சாம்பல் பூத்த நீலமாக இருக்கும். இரவுகள் குளிர ஆரம்பித்ததும் அடியிலிருந்து செம்பாகும். மழையில் நனைந்தால் இன்னும் அடர்த்தியாகச் சிவக்கும். மேலே வெள்ளைப் பஞ்சு போல விதை. சாயங்கால வெயில் பின்பக்கமிருந்து விழுந்தால் சன்னல் கண்ணாடி வரைக்கும் சிவப்பு வரும். நடைபாதை ஓரத்தில் வேறொரு புல் வைத்தான். அது குட்டைக் குவியலாக ஆரஞ்சாகும். அது பூக்கிறபோது பாப்கார்ன் வாசனை வருகிறது என்பான். எனக்குக் கொத்தமல்லி வாசனையாகத்தான் இருந்தது. இதைப் பற்றி வருஷா வருஷம் சண்டை போட்டோம்.

எதிர்வீட்டு மெர்ல் தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய புல்தரையில் கோலிக்குண்டு விட்டால் மறுகோடி வரைக்கும் நேராக ஓடும். அவருக்கு எங்கள் முகப்பு பொறுக்கவில்லை. ஒருநாள் கதவைத் தட்டி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஆர்லின், ஊர் மன்றத்துல உம்மேல ஒரு புகார் குடுத்திருக்கேன். வேற யாரோன்னு நெனச்சிடக் கூடாதில்ல, அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"உக்காரு. கொலாச்சி பன்னு இருக்கு, கசகசா வெச்சது."

"பேச்ச மாத்தாத. ஊர்ப் புல்லையெல்லாம் மொட்டையடிக்கிற. உன் வீட்டுக்கு மட்டும் சீப்புகூட வெக்க மாட்டேங்கிற."

"வீட்டுக்கு வந்தும் அதே வேலைய பாக்கணுமாடா? நீ ரிட்டயர் ஆகி வீட்டுல சோளம் அளந்துட்டா இருக்க?"

மெர்ல் மூன்று கொலாச்சி தின்றார். புகாரைத் திரும்ப வாங்கவில்லை.

எங்கள் ஊர்ச் சட்டப்படி முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்தால் களை. மன்றத்தில் ஆர்லின் எழுந்து, இது களை இல்லை, தோட்டம் என்றான். தோட்டம் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். கடைசியில் மெர்ல்தான் எழுந்தார்.

"சுத்தி ஓரத்துல ஒரு பட்டை வெட்டி வெக்கட்டும். ஓரம் சுத்தமா இருந்தா அது தோட்டம்னு நான் ஒத்துக்கறேன். ஓரம் வெட்டலேன்னா கவனிக்க ஆள் இல்லாத வீடு. அவ்வளவுதான்."

அப்படியே தீர்மானமானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆர்லின் சின்ன இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு நான்கு பக்கமும் ஒரு பட்டை வெட்டுவான். மெர்ல் எதிரே நின்று, "கோணலா போகுது" என்று கத்துவார். ஒரு வசந்தத்தில், நல்லது செய்வதாக நினைத்து, தன்னிடம் மிச்சமிருந்த உரத்தை எங்கள் பக்கமும் வீசிவிட்டார். அந்தக் கோடையில் புல் கொழுத்து, நிற்க முடியாமல் படுத்துக்கொண்டது. நிறமும் வரவில்லை.

"இத பட்டினி போடணும்டா. அப்பதான் நிக்கும், செவக்கும்" என்றான் ஆர்லின்.

"எங்கம்மாவும் என்ன அப்படித்தான் வளத்தாங்க. நான் செவக்கலையே."

ஆர்லின் அந்தப் புல்லை இலையுதிர் காலத்தில் தொட மாட்டான். பனியிலும் நிற்க விடுவான். ஏப்ரலில்தான் வெட்டுவான்.

போன ஜூலையில் அவனுக்குக் கணையத்தில் புற்றுநோய் இருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் ஓமாஹா மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தோம். ஓரம் யாரும் வெட்டவில்லை. செப்டம்பரில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னறைச் சன்னல் பக்கம் கட்டில் போட்டோம்.

"செவந்துடுச்சா?" என்று கேட்பான். தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது.

"அடித்தண்டு மட்டும்."

"பெட்டி மேல கடைப் பூ வெக்காத. கிளாடியோலா வேண்டவே வேண்டாம். அத பாத்தாலே ஆஸ்பத்திரி ஞாபகம் வருது."

"வேற என்ன வெக்கறது?"

"நம்ம புல்லு ஒரு கட்டு. காலைல ஈரம் காஞ்சப்பறம் வெட்டு. ஈரத்தோட கட்டினா கருத்துடும்."

"சரி."

"மறந்துடாத."

"மறக்க மாட்டேன், ஆர்லின்."

அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். அக்டோபர் ஆரம்பத்தில் இறந்துபோனான். அந்த வாரம்தான் புல் முழுதாகச் சிவந்தது. பூக்கடையிலிருந்து கேட்டபோது ஒன்றும் வேண்டாம் என்று சொன்னேன். தோட்டக் கத்தரியை எடுத்துக் கைப்பையில் போட்டுவைத்தேன்.

அடக்கத்துக்கு முதல் நாள் மாதா கோவிலில் ஜெபமாலை. வந்தவர்கள் வரிசையாகக் கை கொடுத்தார்கள். கவுண்டியில் அவனுக்கு மேலாளாக இருந்தவர், "அவன் எடத்துக்கு இன்னும் ஆள் கெடைக்கல. ரோட்டோரமெல்லாம் ஜூலைலேர்ந்து காடா கெடக்கு. அறுவடை முடிஞ்சாத்தான் யாராவது வருவாங்க" என்றார். நான் தலையை ஆட்டினேன். எல்லோருக்கும் அப்படித்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வண்டியை விட்டு இறங்கினேன். வேறு தெருவுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். எங்கள் முகப்பு மழமழவென்று இருந்தது. எல்லாப் புல்லையும் தரையோடு வெட்டி, வாரி, கூட்டியிருந்தார்கள். நடைபாதையைக் கழுவிக்கூட விட்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சாப்பாடு வரும், புல்தரையை யாராவது வெட்டிக்கொடுப்பார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் வரும்போது வீடு பார்க்க நன்றாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் செய்வதுதான். அந்தத் தெருவில் நானும் செய்திருக்கிறேன்.

மெர்ல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது. அவர் மனைவி பெர்னடீன் கையில் மூடி போட்ட பாத்திரம்.

"ஓரம்கூட வெட்டாம கெடந்துச்சும்மா. பாவம், படுத்ததுலேர்ந்து அவனால முடியல போலிருக்கு. அவன் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பானா? தெருவே சேந்து முடிச்சிட்டோம். குப்பையெல்லாம் அள்ளிட்டுப்போய் எரிச்சாச்சு. நீ ஒண்ணுத்துக்கும் அலைய வேண்டாம்."

பெர்னடீன் பாத்திரத்தை என் கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

"ரொம்ப நன்றி, மெர்ல்" என்றேன்.

"அட, இதுக்குப் போயி. அவன் என்ன எத்தன தடவ திட்டியிருப்பான்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் அதை அடுப்பின் மேல் வைத்தேன். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். கொஞ்சம் சாப்பிட்டேன் என்று நினைக்கிறேன்.

காலையில் பூசை முடிந்து, பெட்டியின் மேலிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார்கள். வெறும் மரம் தெரிந்தது.

"பூ வரலையா?" என்று ஃபாதர் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல ஃபாதர்."

கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே. சவ வண்டியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பின்னால் வரிசையாகக் கார்கள், விளக்குகளைப் போட்டுக்கொண்டு. கப்பிச் சாலையில் திரும்பினோம். எதிரே அறுவடை இயந்திரம் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் அதை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார். வண்டி அதைச் சுற்றிப் போவதற்காக மெதுவானபோதுதான் பள்ளத்தைப் பார்த்தேன். அடுத்த குறுக்குச் சாலை வரைக்கும், இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது. வெட்டுகிறவன் படுத்துவிட்டதால் வெட்டாமல் விட்ட புல்.

"நிறுத்துங்க" என்றேன்.

"இங்கயா? என்ன மேடம், ஒடம்பு சரியில்லையா?"

"இல்ல. புல்லு வேணும்."

இறங்கி, கைப்பையைத் திறந்து கத்தரியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் போனேன். நல்ல செருப்பு சறுக்கியது. ஈரம் காய்ந்திருந்தது. பின்னால் கதவுகள் திறக்கிற சத்தம் கேட்டது. மெர்ல் தன் பிக்கப் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"என்னாச்சும்மா? என்ன பண்ற?"

"பெட்டி மேல இத வெக்கச் சொன்னான்."

அவர் என் கையில் இருந்த புல்லைப் பார்த்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார்.

"உங்க வீட்டுல இருந்ததுதானா இது?"

"ஆமா."

"நேத்தே ஏன் சொல்லல?"

"எரிச்சாச்சுன்னு சொன்னீங்களே."

அவர் கோட்டோடு குனிந்து கையால் பிடுங்க ஆரம்பித்தார். அது அப்படியெல்லாம் வராது. இலை அவர் விரலை அறுத்தது. கத்தரியை அவரிடம் கொடுத்தேன். அவர் வெட்ட வெட்ட நான் வாங்கி அடுக்கினேன்.

"போதுமா?"

"ஒரு கட்டு போதும்."

பிக்கப்பிலிருந்து வைக்கோல் கட்டுகிற ஆரஞ்சு நூலைக் கொண்டுவந்து இறுக்கிக் கட்டினார். அறுவடை இயந்திரக்காரர் அதுவரை தொப்பியைப் போட்டுக்கொள்ளவில்லை. நாங்கள் போன பிறகுதான் எஞ்சினைக் கிளப்பியிருப்பார்.

கல்லறையில் காற்றடித்தது. புல்கட்டிலிருந்து விதைப் பஞ்சு பறந்து மெர்லுடைய கறுப்புக் கோட்டில் ஒட்டியது. அவர் தட்டிவிடவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. கோவில் கூடத்தில் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டு முடித்தவர்கள் கை கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அறுவடை முடிந்ததும் கவுண்டிக்குப் புது ஆள் கிடைத்தான். அந்தச் சாலைப் பள்ளத்தை வெட்டிவிட்டான்.

மெர்ல் சனிக்கிழமைகளில் வருகிறார். கதவைத் தட்டுவதில்லை. தன் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு நான்கு பக்கமும் ஒரு பட்டை வெட்டிவிட்டுப் போகிறார். நடுவில் கால் வைப்பதில்லை. நடுவில் வெட்டின புல்லின் அடிக்கட்டைகள்தான் இருக்கின்றன. ஓரம் சுத்தமாக இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கோணல். நான் சன்னலில் நின்று பார்க்கிறேன். கத்துவதில்லை.