இருநூற்று ஐம்பத்தைந்து எழுத்து

சுதாகரைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நெய்வேலி நகரியத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் அவனும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. எதையும் அளவாகச் செய்வான். டிபன் பாக்ஸில்கூட மூன்று இட்லிக்கு மேல் இருக்காது.

தொழிலாளர்கள் செல்போனிலேயே புகார் எழுத ஒரு செயலி செய்து தரச் சொன்னது கம்பெனி. எழுதுவதைச் சேமிக்கும் இடத்துக்கு வார்கேர் வகை வைத்தால் இத்தனை எழுத்துதான் என்று நாமே வரம்பு போடலாம். டெக்ஸ்ட் வகை என்றால் பக்கம் பக்கமாகக் கொள்ளும். சுதாகர் வார்கேர் 255 என்று வைத்தான்.

"டெக்ஸ்ட்டே வச்சிடு. நம்ம ஆளுங்க நீளமா எழுதுவாங்க" என்றேன்.

"லைட் எரியல, தண்ணி வரல. இதுக்கு 255 போதாதா?" என்று சிரித்தான். நானும் விட்டுவிட்டேன். வரம்பு மீறினால் மிச்சத்தை வெட்டிவிட்டு, சேமித்தாயிற்று என்றே சர்வர் காட்டியது. அதை நாங்கள் சோதித்துப் பார்க்கவில்லை.

போன ஆடியில் எங்கள் யார்டில் கன்வேயர் பெல்ட்டில் சிக்கிக் கண்ணையன் இறந்துபோனார். தடுப்புக் கம்பி உடைந்திருந்ததை அவர் சொல்லவே இல்லை என்றது கம்பெனி. அவர் மனைவி சாமியம்மாள் பஸ் ஏறி எங்கள் ஆபீசுக்கு வந்தார்.

"வூட்ல குந்திக்கினு எழுதினாருங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். அவரு மேலயே தப்புன்னு சொல்றாங்க. அதக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

சுதாகர் தேடினான். பதிவு இருந்தது. முகம் தெளிந்து, சத்தமாகவே படித்தான்.

"உயர்திரு மேலாளர் ஐயா அவர்களுக்கு காடாம்புலியூர் கண்ணையன் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். பதினோரு வருடமாக ரிமார்க் இல்லாமல் வேலை செய்கிறேன். தொந்தரவுக்கு மன்னிக்கவும். கன்வேயர் பெல்ட்"

அதோடு நின்றுவிட்டது.

"மேல படிங்க தம்பி" என்றார் சாமியம்மாள். "அடுத்த பக்கத்துல இருக்கும்."

சுதாகர் திரையை அவர் பக்கம் திருப்பினான். "அடுத்த பக்கம் இல்லீங்கம்மா. நான்தான் வைக்கல."

அன்று சாயங்காலமே டெக்ஸ்ட்டாக மாற்றினான். ஒரே வரி, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அந்த அம்மாவிடம் கொடுத்தான். அடுத்த மாதம் கம்பெனி அவனுடைய கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை.

பக்கத்து மேசை காலியாகத்தான் கிடக்கிறது. போதாதா என்று அவன் சிரித்தபோது, போதாது என்று நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.