பஞ்சவர்ணக் கிளியின் வெறும் நெஞ்சு

இன்று ஒரு பறவைக் கடையைக் கடக்கும்போது, அழுகிய கொய்யாவும் எச்சமும் கலந்த வாடை மூக்கில் ஏற, முதலிபாளையத்தில் அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி தன் வீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த பறவைத் தோட்டம் நினைவுக்கு வந்தது. இப்போது அங்கே ஒரு குடோன் நிற்கிறது. அப்போது ஞாயிறுதோறும் தொழிலாளர் பிள்ளைகளை உள்ளே விடுவார்கள். சிமென்ட் பாறை, மோட்டாரில் விழும் அருவி, வண்ண விளக்குகள், நடுக் கூண்டில் நீலமும் மஞ்சளுமாய் ஒரு பெரிய வெளிநாட்டுக் கிளி. அது கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓயாமல் நடக்கும். நகம் உரசும் சத்தம் அருவியையும் மீறிக் கேட்கும். திடீரென நின்று தன் நெஞ்சிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கிப் போடும்.

ஒருநாள் முதலாளியே வந்து, "எப்படி கண்ணு இருக்குது நம்ம தோட்டம்?" என்று கேட்டார்.

எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணான என் தோழி ஜெசிந்தா, "அழகா இருக்கு சார். ஆனா அந்தக் கிளி தன்னையே பிச்சிக்கிடுது. அதுக்கு என்னமோ கஷ்டம்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். கிளியின் அந்த வெறும் நெஞ்சின் சிவந்த தோலை நானும் வாரக்கணக்காகப் பார்த்திருந்தேன். இனிமேல் உள்ளே விடமாட்டார்களோ என்ற பயத்தில், "ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன்.

அடுத்த வாரம் ஜெசிந்தாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் கிளி செத்துப்போனது. அந்தக் கூண்டுக்கு வெள்ளைக் கொண்டை வைத்த வேறொரு கிளி வந்தபோது, அதைப் பார்க்க முதல் ஆளாய் ஓடியது நான்தான்.