இடது கைக்கான பயிற்சி

மலேசியாவில் கோலா சாவா பக்கத்திலுள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் நான் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். அங்கே எது நின்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்; யோசிக்குமுன் என் கை அதற்குள் போய்விடும். அந்தப் பழக்கம்தான் என் பிஸ்டல் சுடுதலைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

என் போட்டி அதிவேக பிஸ்டல். இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் ஐந்து இலக்குகள். பச்சை விளக்கு எரிந்ததும் தாழ்த்திய கையை உயர்த்தி, இலக்குக்கு ஒன்றாக ஐந்து குண்டுகள் சுட வேண்டும். முதலில் எட்டு விநாடி, பிறகு ஆறு, கடைசியில் நான்கு. நடுவில் பிஸ்டல் சிக்கினால் அதைத் தொடக்கூடாது. முனையை இலக்குப் பக்கம் வைத்தபடியே மற்றக் கையை உயர்த்தி நிற்க வேண்டும். நடுவர் வந்து பார்த்து, கோளாறு பிஸ்டலுடையதுதான் என்றால் அந்த ஐந்தையும் மறுபடி சுடலாம். தொட்டுவிட்டால், சுடாத குண்டுகளுக்குப் புள்ளி கிடையாது.

தேர்வுப் போட்டியில் நான் தொட்டுவிட்டேன். காலித் தோட்டா வெளியே விழாமல் குறுக்கே நின்றது. இடது கை தானாகப் போய் நகத்தால் தட்டிவிட்டது. எப்படியோ நாட்டு அணியில் கடைசி ஆளாக இடம் கிடைத்தது. பயிற்சியாளர் போர்டிக்சன் ராணுவ முகாமில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். மழுப்பாமல் சொன்னார்: "பல நாட்டு விளையாட்டு விழாவில் இறுதிச் சுற்றுக்குப் போகும் ஆறு பேருக்குள் வா. வராவிட்டால் அடுத்த வருடம் உன் இடத்தில் வேறு ஆள்." நாற்பத்தாறு வயதில் வெளியே போனவனை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள்.

"பிஸ்டல் மட்டுமா? நான் சட்னி அரைக்கிறப்ப பிளெண்டர் நின்னாலே ஓடி வந்து கழட்டுற ஆளாச்சே நீங்க. அந்தக் கைய மொதல்ல பழக்கணும்."

பிஸ்டல் கிளப்பில் பூட்டிக் கிடக்கும். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, சுவரில் ஒட்டிய ஐந்து தாள்களை வரிசையாகக் குறிபார்ப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து "பச்சை!" என்பாள். எதிர்பாராத நேரத்தில் "நின்னுபோச்சு!" என்று கத்துவாள். உடனே இடது கை மேலே போக வேண்டும். அவள் எழுந்து வந்து "சரி" என்னும்வரை இறக்கக்கூடாது.

அது போதாதென்று, வீட்டில் எது நின்றாலும் அதே சட்டம் என்றாள். மின்விசிறி நின்றாலும் கையைத் தூக்கினேன், தண்ணீர் பம்பு நின்றாலும் தூக்கினேன். ஒரு சனிக்கிழமை ரஹாங் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. பின்னால் அவள். சாலையோரத்தில் இறங்கிக் கையை உயர்த்தினேன். தெரிந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை மெதுவாக்கி எட்டிப் பார்த்தார்.

"என்னா அண்ணே, டீச்சர கூப்புடுறீங்களா? ஸ்பார்க் பிளக்க பாருங்க லா!"

"நீ போ தம்பி," என்றாள் அவள். "அவரு பரீட்சைக்குப் படிக்கிறாரு."

விழாவில், தகுதிச் சுற்றின் இரண்டாம் நாள். கடைசி ஐந்து குண்டுகள், நான்கு விநாடியில். புள்ளிப் பலகையை நான் பார்ப்பதில்லை. ஆனால் பயிற்சியாளர் உட்காராமல் நின்றுகொண்டிருந்ததிலிருந்து, ஆறாம் இடத்தை ஒட்டித்தான் இருக்கிறேன் என்று தெரிந்தது.

மூன்றாவது குண்டோடு பிஸ்டல் நின்றது. காலித் தோட்டா குறுக்கே நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. லேசாகத் தட்டினால் விழுந்துவிடும். காற்சட்டைப் பையிலிருந்த இடது கை வெளியே வந்தது. எந்தப் பக்கம் போகப்போகிறது என்று எனக்கே நிச்சயமில்லை. தோளைத் தாண்டி மேலே போய் நின்றது.

நடுவர் அவசரப்படவில்லை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தார், இன்னொரு நடுவரைக் கூப்பிட்டார். இடது கை விரல்கள் அரித்தன. அவற்றை மடக்கிக்கொண்டேன். கடைசியில் நடுவர் தலையசைத்தார். மறுபடி சுடலாம்.

அந்த ஐந்தில் நான்கு பத்து, ஒரு ஒன்பது. ஏழாவது ஆளைவிட ஒரு புள்ளி கூடுதல். ஆறாவதாக உள்ளே போனேன்.

இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் புள்ளியைக் கேட்கவில்லை.

"தொட்டீங்களா?"

"தொடல."

"அப்ப சரி. தண்ணி குடிங்க."

இறுதிச் சுற்றில் முதலில் வெளியேறியவன் நான்தான். நான்கு விநாடிக்குள் என் ஐந்தாவது குண்டு ஒவ்வொரு தடவையும் பிந்தியது. பிஸ்டல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பயிற்சியாளர் எதிரே வந்தார்.

"ஐந்தாவது இலக்குக்குத் திரும்பும்போது உன் தோள் ஏறுகிறது," என்றார். "அடுத்த வருடத்துக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். திங்கட்கிழமை வந்துவிடு."

காலையிலா, வேலை முடிந்த பிறகா என்று கேட்டேன்.

"இரண்டு வேளையும்," என்றார்.