நம்பர் கேட்காத எக்ஸ்சேஞ்ச்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவனுக்குக் காது ஊருடையது, வாய் மட்டும் சர்க்காருடையது. ஹெட்போன் மாட்டி மாட்டிக் காதுமடல் காய்த்துப்போன சக ஆபரேட்டர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஐம்பதுகளின் நடுவில் எங்கள் சங்கரன்கோவிலில் நாற்பது டெலிபோன்கூடக் கிடையாது. யாராவது கைப்பிடியைச் சுற்றினால் என் போர்டில் ஒரு சின்ன மூடி விழும். நான் 'நம்பர்?' என்று கேட்க வேண்டும். அவர் சொன்ன நம்பரில் கயிற்றைச் செருக வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது சட்டம். பிறந்த ஊரிலேயே என்னை வேலைக்குப் போட்டுவிட்டு இப்படி ஒரு சட்டம் போட்டால் அது எப்படி நடக்கும்?

மச்சானின் நம்பர்

முதல் வாரம் சட்டப்படிதான் நடந்தேன். மிளகாய் மண்டி அண்ணாச்சி கைப்பிடியைச் சுற்றினார். அவர் மச்சானுக்கு வடக்கு ரத வீதியில் பஞ்சுக் கடை. "நம்பர் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். "எந்த நம்பரு?" என்றார். "நீங்க பேசப்போற ஆளோட நம்பரு" என்றேன். அவர் கோபத்தில் இருக்கிறார் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

"ஏலே, அவன் எனக்குப் பொண்ணு குடுத்த வீட்டுக்காரன். அவனுக்கு நம்பர் போட அவன் என்ன ஜெயில்லயா இருக்கான்?"

ஒரு கன்னம்

அன்றோடு நம்பர் கேட்பதை விட்டேன். ஒருநாள் காலை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து டாக்டரைக் கேட்டார்கள். ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டு விடியற்காலையிலிருந்து பிள்ளை வரவில்லை. டாக்டர் வீட்டு மணியை அடித்தேன், எடுப்பார் இல்லை. சட்டப்படி 'பதில் இல்லை' என்று சொல்லிக் கயிற்றைப் பிடுங்கிவிட வேண்டும். ஆனால் முந்தின நாள்தான் அவருடைய பங்காளி வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது, அதுவரை அவர் முகத்தில் கத்தி வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அவர் இப்போது எங்கே இருப்பார்? சலூனுக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடை மணியை அடித்து, "டாக்டரைக் கையோடு கூட்டிட்டு வாங்க" என்றேன்.

சோப்பு நுரையோடு வந்து பேசினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"தாயும் பிள்ளையும் சொகம் வே. ஒரு கன்னத்துல தாடியும் ஒரு கன்னம் வழுவழுன்னும் நின்ன என்னியப் பாத்த பொறவுதான் பிள்ள அழவே ஆரம்பிச்சுது."

கேள்வியும் பதிலும்

நல்லது செய்தால் சும்மா விடுவார்களா? டாக்டர் வீட்டுக்குக் கேட்ட அழைப்பை ஜவுளிக்கடைக்கு மாற்றியது எப்படி என்று விசாரிக்க மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பக்கத்தில் நாற்காலி போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். ஒருவர்கூட நம்பர் சொல்லவில்லை. "ஊர் வளருதுய்யா. நாளைக்கு நூறு கனெக்‌ஷன் வரும். அப்ப என்ன பண்ணுவே?" என்றார். "நூறு பேரையும் தெரிஞ்சுக்கிடுவேன் சார்" என்றேன். எனக்கு அது திமிராகத் தெரியவில்லை, அப்போதும் சரி, இப்போதும் சரி. அவர் பேனாவைத் திறந்து மெமோ எழுதினார். வாசுதேவநல்லூரிலிருந்து வந்து மாற்று ஷிப்ட் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவரு கேள்வியா கேட்டாரு? மெரட்டுனாரு வே. அதுக்குப் போயி பதில் சொல்லுதீரே."

பாங்கிக்காரர் வீட்டம்மா

ஊர் மாறத்தான் செய்தது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாங்கி ஏஜெண்ட் வந்தார். அவர் மட்டும் சுத்தமாக "பதினாறு" என்பார், "இருபத்திரண்டு" என்பார். வேறு பேச்சே கிடையாது. குற்றம் சொல்ல முடியாது. அவர்தான் சட்டப்படி நடந்தவர். அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

ஆடித்தபசுக்கு முன்பு ஒரு மத்தியானம் அவர் மூடி விழுந்தது. "நம்பர்?" என்றேன், வேண்டுமென்றேதான். "நம்பர் தெரியலையே. என் சம்சாரம் காலையில கோயிலுக்குப் போனா, இன்னும் வரலை. இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புதிதாக வந்தவருக்குத்தான் ஊரைத் தெரியாது, ஊருக்கு அவரை நன்றாகத் தெரியும். கோயில் வாசல் வெற்றிலைக் கடையைக் கூப்பிட்டேன். கடைக்காரர் போய் விசாரித்து வந்து அவரிடமே பேசினார்.

"அம்மா வேண்டிக்கிட்டு கோயிலச் சுத்தி ஆடிச்சுத்து சுத்துதாவ சார். எழுவத்தி மூணு ஆயிட்டாம், நூத்தியெட்டும் முடிச்சுட்டுத்தான் வருவாவளாம். ஒங்களுக்குப் பசிச்சா அடுக்களையில மோர்ச்சோறு இருக்காம்."

அம்மாவுக்கு என்ன நோவு?

கடைசியில் மெமோ வந்த இடத்திலிருந்தே பதவி உயர்வும் வந்தது. மதுரையில் சூப்பர்வைசர். நூற்றுக்கணக்கான கயிறு, முகம் தெரியாத நம்பர்கள். வேண்டாமென்றால் இன்னும் பல வருஷத்துக்கு என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் என் சம்சாரம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிட்டாள். நான் 'ஊரை விட்டு வர இஷ்டமில்லை' என்று எழுதி, எக்ஸ்சேஞ்சுக்கும் மேலதிகாரியான போஸ்ட் மாஸ்டரிடம் நீட்டினேன். இதெல்லாம் ஒரு காரணமா, தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்று மாற்றி எழுது என்றார். என் தாயார் அப்போது வெயிலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நோவு வரவழைக்க நான் சம்மதிக்கவில்லை.

"எழுதுனபடியே அனுப்புதேன். ஆனா ஒண்ணு, மேல படிக்கிறவன் நோவு ஒங்க அம்மைக்கு இல்ல, ஒமக்குத்தான்னு நெனப்பான்."

போயிட்டு வாரும்

காகிதம் தபாலில் சேரும் முன்னால் டாக்டர் என்னைத் தேடி வந்தார். ஊரே எனக்காகக் கண்ணீர் விடப்போகிறது என்று நான் உள்ளூர நினைத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் தோளில் கைவைத்து, பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

"எங்களுக்காக நீரு கெட்டுப் போவாதேயும் வே. ரெண்டு மாசம் தடுமாறுவோம், பொறவு நம்பர் சொல்லிப் பழகிக்கிடுவோம்."

பழகிக்கொள்வார்கள் என்று எனக்கும் தெரியும். பழகிவிடக் கூடாது என்றுதான் நான் போகவில்லை.