தொடக்க வெப்பநிலை

ஓய்வுபெற்ற பிறகும் தினமும் காலையில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பௌதிகவியற் கணக்குகள் இரண்டு மூன்று செய்வேன். சாய்தளத்தில் வழுக்கும் மரக்குற்றி, கிணற்றுக்குள் விழும் கல், கலோரிமானியில் கரையும் ஐஸ். விடை சரிவந்தால் மூளை இன்னும் பழுதாகவில்லை என்று ஒரு திருப்தி. அந்தத் திருப்திக்காக வீட்டு வேலைகளையும் கணக்காக்கிக்கொண்டேன்.

என் மனைவிக்கு நெடுங்காலமாகச் சீனி வருத்தம். பாதங்களில் உணர்ச்சியில்லை. முள் தைத்தாலும் இரத்தத்தைக் கண்ட பிறகுதான் அறிவாள். பின்னேரங்களில் அவள் கால் கழுவ இளஞ்சூட்டுத் தண்ணீர் கலந்து வைப்பது என் பொறுப்பு. குழாய்த் தண்ணீர் இருபத்தெட்டுப் பாகை, சுடுதண்ணிப் போத்தலில் எண்பத்தைந்து, வேண்டியது முப்பத்தெட்டு. குழாய்த் தண்ணீர் ஐந்து பேணிக்குச் சுடுதண்ணீர் ஒரு பேணி.

“இஞ்சாருங்கோ, கையை விட்டுப் பார்த்தால் தெரியாதே? கால் கழுவவும் சமன்பாடோ?” என்பாள்.

“கை பொய் சொல்லும். கணக்குச் சொல்லாது.”

“ஓம், ஓம். உங்களிட்டைப் படிச்ச பெடியள் பாவங்கள்.”

அந்தச் சித்திரை நாளில் காலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. கிணற்று மோட்டார் போடவில்லை. கூரைமேல் கறுப்புத் தாங்கியின் அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீர் பகல் முழுவதும் வெயிலில் சூடேறியிருந்தது. அதைத்தான் கால் கழுவும் பேசினில் பிடித்தேன். இருபத்தெட்டு என்பது மார்கழியில் ஒருநாள் நான் அளந்த அளவு. வினாத்தாளில் தொடக்க வெப்பநிலையைத் தந்துவிடுவார்கள். இங்கும் தந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு வழக்கம்போல ஐந்துக்கு ஒன்று கலந்தேன். அவள் தங்கையோடு போனில் கதைத்தபடி காலை உள்ளே வைத்திருந்தாள். விடியும்போது பாதமெல்லாம் கொப்பளம்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அவள், “நான்தான் டொக்டர், சூடு பாராமல் வைச்சிட்டன்,” என்றாள்.

“எத்தினை தரம் சொன்னது அம்மா? மாஸ்டர், நீங்களாவது கவனிக்கக்கூடாதே?”

நான் அவளுடைய கிளினிக் கொப்பியை எடுத்து டொக்டரின் மேசையில் வைத்தேன்.

இப்போது சின்னவிரல் கறுத்துவிட்டது. அதை எடுப்பதா விடுவதா என்று திங்கட்கிழமை சொல்வதாக டொக்டர் சொன்னார். அதன் பிறகு நான் வினாத்தாள் எதையும் தொடவில்லை. தாங்கித் தண்ணீருக்கு ஓர் அளவை ஊகித்து அந்த ஒரு கணக்கையே திரும்பத் திரும்பச் செய்கிறேன். ஐம்பதைத் தாண்டித்தான் வருகிறது.

இன்று கனடாவிலிருந்து மகள் போன் எடுத்தாள். மனைவி அதே கதையைத் தொடங்க, நான் போனை வாங்கினேன்.

“பிள்ளை, அம்மாவிலை பிழையில்லை. தண்ணி கலந்தது நான். தொட்டும் பார்க்கேல்லை.”



“டொக்டருக்குச் சொன்னீங்களோ அப்பா?”

“டொக்டருக்கு இன்னும் சொல்லேல்லை.”

“விரலை எடுப்பினமோ?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

“சொன்னால் மட்டும் விரல் ஆறிடுமே? போனை இஞ்சை தாங்கோ,” என்றாள் மனைவி.

ஆறாதுதான். ஆனாலும் நாளை புண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரிக்குமுன் டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். விரல் போவதானால், அது அவளுடைய கவனக்குறைவால் போனதாக இருக்கக்கூடாது.